2004-ல் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை வென்ற டாம்பா பே லைட்னிங் அணி, அடுத்த சீசனில் ஏன் ஒரு போட்டிகூட ஆடவில்லை?

அந்த அணி மட்டுமல்ல, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் எந்த அணியும் ஆடவில்லை. பலர் இதை வீரர்களின் வேலைநிறுத்தம் என்கிறார்கள். உண்மையில் இது கதவடைப்பு. வீரர்களுடனான பழைய ஒப்பந்தம் முடிந்ததும், 2004 செப்டம்பர் 16 முதல் முதலாளிகள்தான் கதவைச் சாத்தினார்கள்.

சண்டை சம்பள உச்சவரம்பு பற்றியது. வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது, ஒவ்வோர் அணிக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்றது லீக். வீரர் சங்கம் முதலில் வரம்பு என்ற பேச்சுக்கே இடம் தரவில்லை. பதிலுக்குச் சம்பளத்தில் 24 சதவீதத்தை விட்டுத்தர முன்வந்தது. கடைசியில் வரம்புக்கும் இறங்கி வந்தது. ஆனால் லீக் 4.25 கோடி டாலரில் நிற்க, சங்கம் 4.9 கோடி கேட்டது. அந்த இடைவெளியில் சீசனே போனது. 2005 பிப்ரவரி 16 அன்று ஆணையர் கேரி பெட்மன் ரத்தை அறிவித்தார்.

டாம்பாவின் லெகாவலியே, ரிச்சர்ட்ஸ், கோல்காப்பாளர் கபிபுலின் மூவரும் ரஷ்யாவின் அக் பார்ஸ் கசான் அணிக்கு ஆடப் போனார்கள். சரி, இவ்வளவுக்கும் பிறகு வீரர்களுக்குக் கிடைத்தது? ஜூலையில் முடிவான ஒப்பந்தத்தில் வரம்பு 3.9 கோடி, அதாவது அவர்கள் மறுத்த தொகையைவிடக் குறைவு. அந்த 24 சதவீதமும் போனது. என் பார்வையில் தெளிவான தோல்வி. கபிபுலினும் டாம்பாவுக்குத் திரும்பவில்லை. சிகாகோவோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்.