கல்லாவில் விழும் பணமெல்லாம் நம் பணமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மாமனார் தொடங்கிய பூர்வகுடி ஓவியக் கேலரியை நானும் கணவரும் நடத்துகிறோம். விற்ற பிறகு பணம் என்ற முறையில் ஓவியங்கள் வருகின்றன. எங்களுக்கு 40 சதவீதம் கமிஷன். ஆகஸ்டில் 40,000 டாலர் விற்றது, ஜனவரியில் 10,000தான். அடிலெய்டில் கஃபே வைத்திருக்கும் கொழுந்தனாருக்காகக் கேலரி பெயரில் 50,000 முன்பணக் கடன் எடுத்தோம். 60,000 ஆகத் திருப்ப வேண்டும். தினமும் கார்டு விற்பனையில் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். அவர் இதுவரை எதுவும் கட்டவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை 34,000க்கு விற்றும், ஓவியர்கள் சார்பில் ஓவியங்களை அனுப்பும் கலை மையத்துக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. இப்போது இன்னும் 20,000 கேட்கிறார், மாமியாரும் வற்புறுத்துகிறார். இன்னொரு முன்பணம் எடுக்கலாமா? எங்கள் ஓய்வூதிய நிதியிலிருந்து கேலரி ஓவியங்களை வாங்கிப் போடலாம் என்கிறார் ஒரு நண்பர். சரிவருமா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி.

கடன் கொடுத்தவர் 15 சதவீதம் பிடிப்பது மொத்த விற்பனையில். அதில் 60 சதவீதம் உங்கள் பணமே இல்லை. ஆகஸ்டில் 40,000க்கு விற்றால் உங்கள் பங்கு 16,000. பிடித்தமோ 6,000. அதாவது உங்கள் வருமானத்தில் 37 சதவீதத்துக்கு மேல் போகிறது. கமிஷனுக்கான ஜிஎஸ்டி சுமார் 1,450 போனால் மிச்சம் 8,500 சொச்சம். வாடகை, சம்பளம், காப்பீடு, பேக்கிங் எல்லாம் அதற்குள். இது நல்ல மாதத்தின் கதை. ஜனவரியில் உங்கள் பங்கு 4,000. பிடித்தமும் வரியும் போக 2,100 இருக்கும். கடை வாடகைக்காவது போதுமா? அப்போது கை எங்கே போகும்? ஓவியர்களின் பணத்துக்குத்தான்.

உங்களைக் கவிழ்க்கும் பழக்கம் இதுதான். 34,000இல் ஓவியர்களின் பங்கு 20,400. கொழுந்தனார் கேட்கும் தொகையும் ஏறக்குறைய அதுவே. இன்னொரு முன்பணம் எடுத்தால் பிடித்தம் கூடும், அவர்களுக்குப் போக வேண்டியது மேலும் தள்ளிப்போகும். பாலைவனத்துச் சமூகத்தில் ஒரு மூதாட்டி வாரக்கணக்கில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்த துணி விற்றுவிட்டது. அவருக்குப் பணம் வரவில்லை. இதை நாம் கடன் பாக்கி என்று லேசாகச் சொல்லக் கூடாது. தவிர, ஓவியர்களுக்கு வேறு வழியும் உண்டு. பப்புன்யா துலா 1972இல் ஓவியர்களையே பங்குதாரர்களாகக் கொண்டு உருவான நிறுவனம், அதுவும் உங்கள் ஊரில். கலை மையம் அனுப்புவதை நிறுத்தினால், ஏப்ரலில் சுற்றுலாப் பயணிகள் வரும்போது உங்கள் சுவர் காலியாக இருக்கும்.

ஓய்வூதிய நிதி யோசனை அடிக்கடி கிளம்புகிறது, கேட்டாலே அலுப்பாக இருக்கிறது. உறுப்பினர்களே நிர்வகிக்கும் ஓய்வூதிய நிதி, உறுப்பினரிடமிருந்தோ அவர் குடும்பத் தொழிலிடமிருந்தோ ஓவியம் வாங்க முடியாது. வெளியில் வாங்கினாலும் வீட்டில் மாட்டக் கூடாது, ஏழு நாளுக்குள் நிதியின் பெயரில் காப்பீடு எடுக்க வேண்டும். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

மாமனார் காலத்துச் சரக்கை விற்றுச் சமாளிக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2010 ஜூன் 9க்குப் பிறகு ஓவியரிடம் நேரடியாக விலைக்கு வாங்கியதை 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், ஓவியருக்குச் சேர வேண்டிய மறுவிற்பனை உரிமைத்தொகை 5 சதவீதம். அதையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சரி, இந்த வாரமே தனி வங்கிக் கணக்கு ஒன்று திறங்கள். ஓவியம் விற்ற அன்றே 60 சதவீதம் அதற்குள் போகட்டும். பிறகு அதைத் தொடாதீர்கள். கலை மையத்தை அவர்கள் கூப்பிடுமுன் நீங்களே கூப்பிட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டுக்குள் தீர்க்கும் தவணைகளை எழுத்தில் கொடுங்கள். கடன் கொடுத்தவரிடம், விற்பனை குறைந்த மாதங்களில் பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

கொழுந்தனார் மாதம் 2,000 கட்டினாலும் 60,000 தீர இரண்டரை வருடம் ஆகும். அதற்கு முதலில் கையெழுத்து வாங்குங்கள். புதிய 20,000 அவர் பெயரில், அவர் கஃபே கணக்கைக் காட்டி, அவரே வங்கியில் கேட்கட்டும். வங்கி மறுத்தால், நீங்களும் மறுக்க அதுவே போதுமான காரணம். மாமியாரிடம் இந்த 20,400 கணக்கை உங்கள் கணவரே எடுத்துச் சொல்லட்டும். மருமகள் வாயால் போனால் அது வேறு சண்டையாகிவிடும்.