ஒரு நாடு பருவநிலை மாற்றத்துக்கு என்னதான் செய்ய முடியும்?

ரெண்டு வேலை இருக்கிறது: புகையைக் குறைப்பது ஒன்று, ஏற்கெனவே வந்துவிட்டதைத் தாங்கிக்கொள்வது இன்னொன்று.

முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியே விடுகிற அளவுக்குத் திரும்ப உறிஞ்சியும் விடுவது, என்று இந்தியா 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவித்தது. சரி, அதற்கு என்ன வழி? எங்கள் நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டத்தைப் பாருங்கள், 500 மெகாவாட். பகலில் மிஞ்சுகிற சூரிய மின்சாரத்தை வைத்து அவலாஞ்சி-எமரால்டு அணைத் தண்ணீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றிவிட்டு, சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் அதையே கீழே இறக்கி மின்சாரம் எடுக்கலாம். தண்ணீரே பேட்டரி.

ரெண்டாவதுதான் கஷ்டம். 2019 ஆகஸ்டில் அதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, சென்னைக்கு வருஷம் முழுக்கவே 140 செ.மீ. போலத்தான் பெய்யும். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் கேரட் பாத்தி சரிவோடு வழிந்து, பிடுங்க இருந்த கேரட்டும் செம்மண்ணும் ஓடையில் குழம்பாகப் போனது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டிருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். அரசு பணம் போடவேண்டியது இங்கேதான்: மண்சரிவு வரைபடம், முன்னெச்சரிக்கை, வடிகால், பயிர்க் காப்பீடு. சரிவில் கட்டடத்துக்கு அனுமதி மறுப்பதும் இதில் சேரும், அதற்குத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

அப்புறம், ‘மரம் நடு’ என்பதை எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். இங்கே சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையை உறிஞ்சி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்தப் புல்வெளியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) பரவிக் கிடக்கின்றன, அவற்றை வெட்டி எடுப்பதுதான் இங்கே செய்யவேண்டிய வேலை.