ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் கணவரின் விந்தணு எண்ணிக்கை ஏன் ஏறவில்லை?

கேட்டவர் ஒரு சகோதரி. கல்யாணமாகி மூன்று வருடம். கணவருக்குக் கவுன்ட் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு மறுபடி எடுத்தும் அதே எண்ணிக்கைதான். மருந்து கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்து மனதை விட்டுவிடாதீர்கள், அம்மா. பதினோரு வருடமாக லேபில் இந்தப் பரிசோதனையைச் செய்து வருகிறேன். ஒரு மாதத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து கேட்டதா, கேட்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

விதைக்குள் தலைமயிர் போன்ற மெல்லிய குழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில்தான் விந்தணு பிறக்கிறது. ஒரு மூல அணு பிரிந்து பிரிந்து, தலையும் வாலும் முளைத்து முழு விந்தணுவாக 64 முதல் 74 நாள் வரை ஆகும். அப்போதும் அதற்கு நீந்த வராது. விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாயை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அதைக் கடந்து வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். அந்தப் பயணத்தில்தான் நீந்தும் திறன் வருகிறது. ஆக, இன்று கப்பில் விழுவது கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன் விதைத்த விளைச்சல். உங்கள் கணவர் முதல் மாத்திரையை விழுங்கிய அன்றே அதில் பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும்.

காய்ச்சல் வந்ததா என்று யாராவது கேட்டார்களா? ஒரு தம்பி வந்தார். மில்லிலிட்டருக்கு 40 லட்சம்தான் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் வரம்பு 1.6 கோடி. முகம் வாடிப்போனது அவருக்கு. விசாரித்தால், ஏழு வாரத்துக்கு முன் டெங்கு வந்து படுத்திருக்கிறார். டாக்டரும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வந்தபோது 3 கோடியைத் தாண்டியிருந்தது.

விதை உடம்புக்கு வெளியே தொங்குவதே சூட்டைத் தவிர்க்கத்தான். உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே உற்பத்தி ஒழுங்காக நடக்கும். குளிரில் விதைப்பை சுருங்கி மேலேறுவதும், வெயிலில் தளர்ந்து இறங்குவதும் அதற்காகவே. உள்ளே வரும் தமனியைச் சிரைகள் கொடிபோலச் சுற்றிப் படர்ந்து, ரத்தத்தின் சூட்டை வழியிலேயே தணிக்கின்றன. அந்தச் சிரைகள் புடைத்து ரத்தம் தேங்கினால் அதுதான் வேரிகோசில். பெரும்பாலும் இடது பக்கம் வரும். இடது சிரை சிறுநீரகச் சிரை வரை ஏறிப்போய் அதில் செங்குத்தாகச் சேர்வது ஒரு முக்கியக் காரணம். உங்கள் கணவரை நிற்க வைத்து டாக்டர் தொட்டுப் பார்த்தாரா? பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதியிருந்தால், ஆண் மலட்டுத்தன்மையைப் பார்க்கும் ஒரு யூராலஜி டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இன்னொன்று. சாம்பிள் எப்படிக் கொடுத்தார் என்பதும் முக்கியம். செய்தித்தாளில் சுற்றிய கப்பை யாருக்கும் தெரியாமல் நீட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள். முதலில் வரும் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம். அது வெளியே சிந்திவிட்டால் கவுன்ட் தரையில் போனது போலத்தான், ஆனால் வெட்கத்தில் நிறையப் பேர் சொல்லவே மாட்டார்கள். வந்த சாம்பிள் முதலில் கூழாக இருக்கும். அரை மணி நேரத்துக்குள் புராஸ்டேட்டிலிருந்து வந்த நொதி அதை நீர்க்கச் செய்யும். அதன் பிறகே மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறோம்.

கெட்டியாக இருக்கிறது, நிறைய வருகிறது, அதனால் குறை இருக்காது என்று நினைக்கவும் வேண்டாம். விந்துநீரில் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட்டும் சுரப்பது. விந்தணுவின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழ். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

யாராவது சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டுவிட வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வெளியிலிருந்து அது வந்தால், போதும் என்று நினைத்து மூளையடிச் சுரப்பி விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடம்பு ஏற்ற ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு விந்தணுகூட இல்லாமல் வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி, அதே லேபில், போன தடவை போலவே, விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு சாம்பிள் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் பக்கப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமாக வயது முப்பத்தைந்தை நெருங்கினால். கொடுக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டால் கவுன்டரில் சொல்லிவிடச் சொல்லுங்கள். இன்னொரு நாள் எடுத்துக்கொள்வோம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.