கோரஸ் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் 'தி ட்ரீம் ஆஃப் ஜெரான்ஷியஸ்' கேட்க ஆசை. எந்தப் பதிவில் தொடங்கலாம்? ஆபராவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1900இல் பர்மிங்காமில் நடந்த முதல் நிகழ்ச்சி சொதப்பலாக முடிந்தது என்று படித்தேன். இவ்வளவு கடினமான படைப்பை அமெச்சூர் கோரஸிடம் (தொழில்முறை அல்லாத கூட்டுப்பாடல் குழுவிடம்) கொடுத்தது தவறுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆபராவில் வேஷம் கட்டி நடிப்பார்கள், இதில் நின்ற இடத்திலேயே பாடுவார்கள். இப்போதைக்கு அது போதும். உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'தவறுதானே' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நடந்ததைப் பாருங்கள். எல்கர் இசைக்குழுவுக்கான பகுதியை எழுதி முடித்தது ஆகஸ்ட் 3. நிகழ்ச்சி அக்டோபர் 3. கோரஸுக்கான தாள்கள் தாமதமாக, துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. அவர்களைத் தயார்செய்ய வேண்டிய ஸ்வின்னர்ட்டன் ஹீப் ஜூனிலேயே இறந்துபோனார். ஓய்வுபெற்றிருந்த ஸ்டாக்லியை, எழுபது வயதில், திரும்ப அழைத்து வந்தார்கள். நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் கைக்கு முழு ஸ்கோர் (எல்லாருடைய பகுதிகளும் சேர்ந்த இசைத்தாள்) கிடைத்ததே கடைசி நேரத்தில். ஜெரான்ஷியஸ் என்பவர் இறந்தபின் அவருடைய ஆன்மா போகும் பயணம்தான் கதை, அதில் வழியில் பேய்கள் பாடும் கோரஸ் வேறு. ஒரு குரல் வரிசை பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது குறுக்கே நுழையும், சுரங்கள் அரை அரையாக வழுக்கும். நுழையும் இடத்தை உடம்பே நினைவில் வைத்திருந்தால் ஒழிய யாராலும் பாட முடியாது. ஒத்திகையில் எல்கரே பொறுமையிழந்து, வீட்டுக் கூடத்தில் பாடும் பாட்டு மாதிரி பாடுகிறீர்கள் என்று அவர்களைக் கடிந்துகொண்டார்.

அந்த அவமானம் எனக்குத் தெரியும். சர்ச் பாடகர் குழுவான கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடியவன் நான். ஒரு கிறிஸ்மஸுக்கு, சோல்ஃபா எழுத்தில் (டோ, ரே, மி என்று சுரங்களைக் குறிக்கும் முறையில்) கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் வியாழக்கிழமை வந்தன, ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டும். மூன்றாம் பக்கத்தில் பாதி அழிந்திருந்தது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்ற அக்கா ஒருவர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒத்திகைக்கு வந்திருந்தார். ஒரு நுழைவைத் தவறவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டினார்கள். தாளைத் தாமதமாகக் கொடுத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அக்கா மறு வருஷம் கொயருக்கு வரவேயில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்கர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. கலைக்குக் கடவுள் எதிரி என்று நண்பர் யேகருக்கு எழுதும் அளவுக்கு அந்த நாள் அவரை நொறுக்கிப்போட்டது. ஆனால் பாடியவர்களும் நொறுங்கித்தான் இருப்பார்கள் தம்பி. அவர்கள் எழுதிய கடிதங்களை யார் பத்திரப்படுத்தினார்கள்?

அப்புறம் என்ன ஆயிற்று? 1901 டிசம்பரில் யூலியஸ் பூட்ஸ் என்ற நடத்துநர் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் இதே படைப்பை நடத்தினார், வெற்றி. 1902 மே மாதம் அங்கேயே மறுபடியும். அப்போதுதான் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிக்கார்ட் ஸ்ட்ராஸ் கோப்பையை உயர்த்தி எல்கரை வாழ்த்தினார். 1903இல் மான்செஸ்டரில் ஹாலே இசைக்குழுவோடு அதே ரிக்டர் நடத்தி ஜெயித்தார். நடத்துநர் அவரேதான், ஒரு சுரமும் மாறவில்லை. மாறியதெல்லாம் தயாரிப்பும் பழக்கமும். தொழில்முறைக்காரர், அமெச்சூர் என்று பிரிப்பதை விடுங்கள், ஒத்திகைக்கு எத்தனை வாரம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சரி, பதிவு கேட்டீர்கள். 1945இல் மால்கம் சார்ஜென்ட் நடத்தியதில் தொடங்குங்கள், முதல் முழுமையான ஒலிப்பதிவு அதுதான். ஜெரான்ஷியஸாகப் பாடுபவர் ஹெடில் நாஷ். கோரஸ் ஹடர்ஸ்ஃபீல்ட் கோரல் சொசைட்டி, அவர்களும் அமெச்சூர்கள்தான். பேய்களின் கோரஸைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.