லிமாவின் மஞ்சள் அமன்காய்: கேள்வி பதில்

கேள்வி: மழையே இல்லாத பாலைவனத்தில், மஞ்சள் பூப் பூக்கும் அமன்காய் என்ற கிழங்குச் செடி எப்படிப் பிழைக்கிறது, சார்?

பதில்: பெருவின் தலைநகர் லிமாவில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்வதில்லை. ஆனால் கடலில் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதனால் ஜூன் முதல் அக்டோபர் வரை, அவர்களுடைய குளிர்காலத்தில், மூடுபனி கரையேறிக் குன்றுகளில் மோதும். அந்த ஈரத்தில் பச்சை பிடிக்கும் சரிவுகளை 'லோமாஸ்' என்கிறார்கள். அமன்காய் கிழங்கு அங்கேதான் கண் விழிக்கும். பனி விலகியதும் இலை காய்ந்து, அடுத்த ஜூன் வரை மண்ணுக்குள் தூக்கம்தான்.

கேள்வி: படத்தில் பார்த்தால் இந்தப் பூ மேலைநாட்டு டாஃபடில் பூ மாதிரி இருக்கிறதே?

பதில்: இனம் வேறு. நம்மூர்ப் பூங்காக்களில் வெள்ளையாகப் பூக்கும் ஸ்பைடர் லில்லிக்குத்தான் இது நெருங்கிய உறவு. கிட்டே குனிந்து பாருங்கள்: ஆறு மஞ்சள் இதழ்கள், நடுவில் ஒரு கிண்ணம், அதன் உள்பக்கம் பச்சைக் கோடுகள். மகரந்தக் காம்புகள் அந்தக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்தே கிளம்பும். அவ்வளவு அழகு!

கேள்வி: லிமாவின் சின்னம் என்கிறார்கள், அப்புறம் ஏன் அரிதாகிவிட்டது?

பதில்: பாசம் வைத்தே பறித்தார்கள். லிமாவின் ரிமாக் பகுதியில், இந்தப் பூவின் பெயரில் அமன்காயஸ் வெளி என்றே ஓர் இடம் உண்டு. முன்பெல்லாம் ஜூன் 24, புனித யோவான் திருநாளன்று ஊரே அங்கே திரண்டு, ஆடிப்பாடி, கை நிறையப் பூவோடு திரும்பும். பூ போனால் விதை ஏது? ஆனாலும் கிழங்கு மண்ணில் மிச்சமிருந்தது. பிறகு நகரம் வளர்ந்து அந்த வெளியில் வீடுகள் எழுந்தபோது கிழங்கும் போயிற்று. என்னைக் கேட்டால் பறித்தவர்களைவிட மனை போட்டவர்கள் செய்த சேதம்தான் பெரிது. இன்றும் லோமாஸில் ஆக்கிரமிப்பு நடக்கிறது. 2019இல் லிமாவின் லோமாஸ் சிலவற்றை வட்டாரப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது பெரிய ஆறுதல்.

கேள்வி: சென்னையில் மாடித் தோட்டத்தில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தூங்கும் காலத்தில் மண் காய்ந்தே இருக்க வேண்டும். ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். வளரும் காலத்தில் குளிர்ச்சியும் வேண்டும். காட்டில் தோண்டிய கிழங்கை யார் விற்றாலும் வாங்காதீர்கள். மஞ்சள் நிறம்தான் ஆசை என்றால், இதை ஒட்டி உருவாக்கிய 'சல்ஃபர் குயின்' கலப்பினம் தோட்டத்துக்கு ஏற்றது. அதற்கும் குளிர்ந்த மலையூர்தான் சரி.

கேள்வி: நேரில் பார்க்க?

பதில்: ஜூன் கடைசி, ஜூலையில் போங்கள். லிமாவுக்குத் தெற்கே பச்சகாமக்கில் லூகுமோ லோமாஸ் இருக்கிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள், முளைவிடாத கிழங்குகள் காலடியில் இருக்கும்.