பல் எக்ஸ்ரே ஃபிலிம் எப்படித் தயாராகிறது? அதில் படம் எப்படிப் பதிகிறது?

வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருப்பதாகவும், மே மாதம் வந்தாலே கையால் கழுவும் படமெல்லாம் சாம்பல் பூத்துவிடுவதாகவும் சொல்லி, ஃபிலிமிலேயே கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஃபிலிமில் இருக்காது, கழுவும் மருந்தின் சூட்டில்தான் இருக்கும். ஏன் என்று புரிய, ஃபிலிமின் உள்ளேயிருந்து வர வேண்டும்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு வைக்கும் இரண்டாம் எண் ஃபிலிம் 31க்கு 41 மி.மீ. வெளியே பிளாஸ்டிக் உறை, உள்ளே கறுப்புத் தாள், அதன் நடுவில் ஃபிலிம், முதுகுப் பக்கம் மெல்லிய ஈயத் தகடு. ஃபிலிமைத் தாண்டிப் போன கதிர், பின்னாலிருக்கும் திசுவில் சிதறித் திரும்பி வந்து படத்தைக் கெடுக்காமல் ஈயம் தடுக்கிறது. அந்தத் தகட்டில் மத்தி மீன் முள் மாதிரி வரி இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டால் படம் வெளிறி, பல்லின் மேல் அந்த முள் வரியும் விழும்.

ஃபிலிமின் உடம்பு சுமார் 0.2 மி.மீ. கனமுள்ள, லேசாக நீலம் ஏற்றிய பாலியெஸ்டர். இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, பூசியிருக்கும். ஜெலட்டினும் பொட்டாசியம் புரோமைடும் கரைந்த வெதுவெதுப்பான கரைசலில், இருட்டில், சில்வர் நைட்ரேட்டை அளவாக விட்டால் சில்வர் புரோமைடு நுண்படிகங்களாகப் பிரியும். விடும் வேகத்தையும் சூட்டையும் பொறுத்துப் படிகத்தின் அளவும் வடிவமும் அமையும். ‘எஃப்’ வேகம் என்னும் அதிவேக ஃபிலிமில் படிகங்கள் தட்டையாக இருப்பதால் கதிர் குறைவாக இருந்தாலே போதும். பிறகு பொட்டாசியம் நைட்ரேட்டைக் கழுவி நீக்கி, கந்தகமும் தங்கமும் துளியளவு சேர்த்துச் சூடேற்றுவார்கள். படிகத்தின் மேல் உணர்புள்ளிகள் உண்டாவது இப்போதுதான். ஒரு காலத்தில் சில ஜெலட்டினில் மட்டும் ஃபிலிம் நன்றாக வந்து, சிலதில் வராமல் போனது. கடுகில் உள்ள ஒரு கந்தகப் பொருள் ஜெலட்டினில் இருந்ததே காரணம் என்று 1925 வாக்கில் கோடக் ஆய்வகத்தின் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். மாடு தின்ற தீவனம் வரை போய் நின்ற விஷயம் இது!

கதிர் படிகத்தில் பட்டால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை உணர்புள்ளியில் சிக்கும். படிகத்துக்குள் நகரக்கூடிய வெள்ளி அயனிகள் அங்கே வந்து எலக்ட்ரானைப் பெற்று வெள்ளி அணுவாகும். நாலைந்து அணு சேர்ந்தாலே அந்தப் படிகம் தயார். கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பதிந்த படத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் கரைசல்தான் டெவலப்பர். அதில் உள்ள ஹைட்ரோகுவினோன் போன்ற மருந்து, அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கறுப்பான வெள்ளி உலோகமாக்குகிறது. கதிர் படாத படிகத்தையும் அது மாற்றத்தான் பார்க்கும். மெதுவாக மாற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். நம் வேலை முழுக்க அந்த வேக வித்தியாசத்தை நம்பியே இருக்கிறது. சூடு ஏறினால் வித்தியாசம் குறைந்து, படாத படிகமும் கறுக்கத் தொடங்கும். உங்கள் சாம்பல் அதுதான்.

டெவலப்பரில் வைக்க வழக்கமான கணக்கு: 20 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம், 22இல் 4, 24.5இல் 3, 26.5இல் இரண்டரை. மொட்டை மாடி டேங்க் தண்ணீர் இந்தக் கணக்குக்குள் அடங்காது. டெவலப்பர், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் மூன்று கிண்ணங்களையும் அகலமான ஒரு ட்ரேயில் வைத்து, சுற்றிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். டெவலப்பருக்குள் ஐஸைப் போடாதீர்கள், மருந்து நீர்த்துப் போகும். தெர்மாமீட்டர் 24 காட்டிய பிறகு ஃபிலிமை இறக்குங்கள். ஒரு கிண்ணம் குளிர்ந்தும் அடுத்தது சுட்டும் இருந்தால் ஜெலட்டின் சுருங்கி, படத்தில் வெடிப்பு வலை தெரியும்.

அரை நிமிடம் அலசி ஃபிக்ஸரில் போடுங்கள். அதிலுள்ள தயோசல்ஃபேட் மீதிப் படிகங்களைக் கரைத்துவிடும். பால் போன்ற மங்கல் தெளிய எவ்வளவு நேரமோ, அதைப் போல இரண்டு மடங்காவது விட வேண்டும். அவசரத்துக்கு டாக்டர் ஈரப் படத்தைப் பார்த்தாலும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவாத படம் சில மாதத்தில் பழுப்பேறும்.

இன்னொன்று: எச்சில் ஈரம் உள்ளே புகுந்தால் கறுப்புத் தாள் எமல்ஷனோடு ஒட்டிக்கொள்ளும். வாயிலிருந்து எடுத்ததும் பாக்கெட்டைத் துடையுங்கள்.

ஃபிலிம் மேல் சந்தேகம் தீரவில்லையென்றால், கதிர் படாத புது ஃபிலிம் ஒன்றை முழு இருட்டில், 24.5 டிகிரி டெவலப்பரில் 3 நிமிடம் வைத்து, வழக்கம்போல ஃபிக்ஸரிலும் போட்டுப் பாருங்கள். தெளிந்த இளநீலமாக வந்தால் ஃபிலிம் நல்லது. அப்போதும் சாம்பலாக வந்தால் டப்பாவில் காலாவதித் தேதியையும், மருந்து கலந்த நாளையும் பாருங்கள். இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கைச் சோதிக்க, அதன் கீழே இன்னொரு புது ஃபிலிமின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்ற வேண்டும்.