மாற்றியமைக்கப்பட்ட பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை முதல் நிலைக்குக் கொண்டுவருதல்: கேள்வி பதில்

பழைய கிட்டார்களைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, கண்டியில் வாத்தியங்கள் திருத்தும் சிறு பட்டறை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (ஹட்டன்): ஐயா, எங்கள் தாத்தா டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது தாய்நாடு திரும்பிய துரை ஒருவர், தமது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பிற்காலத்தில் அதைக் கல்யாண வீடுகளில் வாசித்த சித்தப்பா, நரம்புகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் மரத்தைக் குடைந்து ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பொருத்தி, உடல் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். 1966ஆம் ஆண்டுக் கருவி என்கிறார்கள். அதை எப்படி உறுதி செய்வது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் எதையும் திருத்தாதீர்கள், படம் எடுங்கள். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும் முன்னும் பின்னும் ஒரு படம் இருக்கட்டும். கழற்றிய திருகாணிகளை அவை இருந்த இடத்தின் பெயரெழுதிய சிறு உறைகளில் தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.

பின்பக்கத் தகட்டிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தகடுகள் தொழிற்சாலையில் வரிசைப்படி பொருத்தப்படவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் எந்தத் தகட்டையும் எந்தக் கிட்டாருக்கும் மாற்றிவிடலாம். நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, கழற்றி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்: அக்காலக் கருவிகளில் மாதமும் ஆண்டும், நட்டின் (நெக்கின் மேல்முனையில் நரம்புகள் தங்கும் சிறு பட்டையின்) அகலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் மையால் முத்திரையிடப்பட்டிருக்கும். அடுத்ததாக வால்யூம், டோன் பொட்களின் (குமிழுக்கு அடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பாகங்களின்) முதுகில் உள்ள இலக்கத்தைப் படியுங்கள். 3046612 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தையும், 66 ஆண்டையும், 12 அந்த ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தையும் குறிக்கும். 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ் நிறுவனத்தினுடையது. இந்த இலக்கம் பொட் செய்யப்பட்ட காலத்தைத்தான் சொல்லும். கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். 1966இல் ஃபெண்டர் பெருந்தொகையாக வாங்கிய பொட்கள் அடுத்த சில ஆண்டுகளின் கருவிகளிலும் காணப்படுகின்றன என்பதால், நெக்கின் திகதியும் பொட்டின் திகதியும் ஒத்துப்போகின்றனவா என்று சேர்த்தே பார்க்க வேண்டும். வயர்களை இணைக்கும் ஈயப்பற்றுகளையும் கவனியுங்கள். தொழிற்சாலைப் பற்று காலத்தால் மங்கிப்போயிருக்கும், சித்தப்பா வைத்த பற்று பளபளப்பாகவோ உருண்டையாகவோ தனித்துத் தெரியும்.

கேள்வி (பண்டாரவளை): என் கிட்டாரிலும் இதே கதைதான். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில், நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் சன்பர்ஸ்ட் நிறம் இருப்பது நெக் பொருந்தும் குழியில் தெரிகிறது. தின்னர் போட்டுத் துடைத்தால் மேற்பூச்சு மட்டும் வந்துவிடுமா?

பதில்: வராது. தயவுசெய்து தின்னர் போத்தலை மூடி வையுங்கள். அடியிலிருப்பது நைட்ரோசெலுலோஸ் லாக்கர். அது தின்னரிலும் அசிட்டோனிலும் கரைந்துவிடும். அறுபதுகளின் நடுப்பகுதிக் கருவிகளில், மஞ்சளூட்டிய மரத்தின் மேல் கடினமான ஓர் அடிப்பூச்சும், அதன் மேல் சிவப்பும் கறுப்புமான நைட்ரோ லாக்கரும் இருக்கும். தின்னர் தடவினால் அடிப்பூச்சு அப்படியே நிற்க, நீங்கள் காப்பாற்ற நினைத்த நிறங்கள்தான் துணியோடு போகும்.

செய்யக்கூடியது பொறுமையான வேலை: கூரான சவர பிளேட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மேற்பெயின்ட்டை ஒரு மூலையில் நகமளவுக்குச் சுரண்டிப் பார்ப்பது. மேற்பூச்சு எனாமலாக இருந்து, அடிக்கும்போது பழைய பூச்சை உரசாமல் விட்டிருந்தால், அது செதில் செதிலாகப் பிரிந்து வரும். நன்றாக உரசிவிட்டு அடித்திருந்தால் வராது. வராதபோது நிறுத்திவிடுங்கள். முழுவதும் சுரண்டி மீண்டும் சன்பர்ஸ்ட் அடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை, ஏனெனில் மறுபூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மறுபூச்சுத்தான்; மூலப்பூச்சு இழந்த பழைய கிட்டாரின் விலை பெரும்பாலும் ஏறக்குறைய பாதியாகிவிடும். கறுப்புக்கு அடியில் மூலப்பூச்சின் ஒரு பகுதியாவது உயிரோடிருக்கிறது என்பதும் ஒரு மதிப்புத்தான்.

கேள்வி (நுவரெலியா): ஹம்பக்கருக்காகக் குடைந்த குழியை அடைக்க எந்த மரம் நல்லது? தோட்டத்தில் விழுந்த சில்வர் ஓக் பலகை இருக்கிறது.

பதில்: அக்கால சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் பெரும்பாலும் ஆல்டர் மரம்; அது நம் நாட்டில் வளர்வதில்லை. அடைத்தே ஆக வேண்டுமென்றால் ஆல்டர் துண்டு ஒன்றை வரவழைத்து, இழையோட்டத்தை உடலின் இழையோடு ஒத்துவரச் செய்து, சூட்டால் பின்னர் பிரிக்கக்கூடிய வச்சிரப் பசையால் ஒட்ட வேண்டும். உங்கள் ஊரின் ஈரத்துக்கு அந்தத் துண்டு பழகச் சில மாதங்களாவது அறையிலேயே வைத்திருப்பது அவசியம். கிப்சன் லெஸ் போல் போன்ற மஹோகனிக் கருவி என்றால் நமக்கு யோகம்தான். மஹோகனி இங்கேயே கிடைக்கும்.

ஆனால் என் கருத்து வேறு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்தக் குழியைப் பிக்கார்ட் என்ற முன்பக்கத் தகடு முழுவதுமாக மூடிவிடுகிறது. 11 திருகாணிகள் கொண்ட மூன்றடுக்கு வெள்ளைத் தகட்டையும் ஒற்றைச் சுருள் பிக்கப்பையும் பொருத்தினால், வெளித்தோற்றமும் ஒலியும் திரும்பிவிடும். இழந்த மரத்தை ஒட்டிய மரம் ஈடு செய்யாது. அடைப்பதில் தவறு நேர்ந்தால் மட்டும் புதிதாக ஒரு சேதம் சேரும். குழியை அப்படியே விடுங்கள்.

கேள்வி (வட்டவளை): நடுப் பிக்கப்பில் சத்தமே இல்லை. புதிதாகச் சுற்றித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு வயர்களையும் தொட்டுப் பாருங்கள். 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டினால் பிக்கப் நலமாகவே இருக்கிறது. குறை சுவிட்ச்சிலோ ஈயப்பற்றிலோதான். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அது 42ஆம் இலக்கக் கம்பி, 0.063 மி.மீ. தடிமன், 7,000க்கு மேற்பட்ட சுற்றுகள். பல வேளைகளில் அறுவது சுருளின் வெளிமுனை, அடித்தகட்டின் துளையில் பற்றவைத்த இடத்திலேயே. பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் இருந்தால் அதை மீண்டும் பற்றவைத்துவிடலாம்.

நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று உங்களுடையது என்பதால் மற்றொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஃபெண்டர் பிக்கப்பில் உட்சுற்றுகள் காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டவை. இடையில் மெல்லிய லாக்கர் பூச்சு மட்டுமே உண்டு. காந்தம் துருப்பிடித்தால் அந்தத் துரு உட்கம்பியைத் தின்றுவிடும். அப்படியானால் மறுசுற்று தவிர வழியில்லை. அப்போதும் பழைய காந்தங்களையும் அடித்தகட்டையும் மாற்றாமல் கம்பியை மட்டும் சுற்றித் தரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பதுளை): தலைப்பகுதியில் பழைய க்ளுசன் வகைச் சுருதிச் சாவிகளுக்குப் பதிலாகப் பெரிய சாவிகள் போட்டுத் துளைகளையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். துளைகளை மரத்தால் அடைக்க வேண்டுமா?

பதில்: மேப்பிள் கட்டையால் அடைக்க வேண்டியதில்லை. 10 மி.மீ. துளையில் க்ளுசன் வகைச் சாவி உட்காருவதற்கென்றே மாற்று வளையங்கள் விற்கிறார்கள். எந்த நேரமும் கழற்றலாம்.

கேள்வி (கண்டி): என்னிடமிருப்பது அறுபதுகளின் ஜப்பானிய டீஸ்கோ. இதற்கும் இவ்வளவு பாடுபட வேண்டுமா?

பதில்: சந்தை விலைக்காக என்றால் வேண்டாம், அந்த ஒலிக்காக என்றால் வேண்டும். உண்மையில் இதில்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஃபெண்டருக்கு எந்தத் திருகாணியையும் இன்றும் புதிதாக வாங்கலாம், டீஸ்கோவின் சுவிட்ச் உடைந்தால் இன்னொரு டீஸ்கோவைத்தான் தேட வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில், இப்படியொரு ஜப்பானியக் கிட்டாரின் கரகரத்த சுவிட்ச்சுகளை வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவை பொருத்தினேன். தொடர்புச் சுத்திகரிப்பான் இரண்டு சொட்டு விட்டிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி (ஹட்டன், முன்பு கேட்டவர்): பிக்கப்களைத் தேர்ந்தெடுக்க சித்தப்பா ஐந்து நிலைச் சுவிட்ச் போட்டிருக்கிறார். அதையும் கழற்ற வேண்டுமா? இரண்டு பிக்கப் சேரும் அந்த ஒலி எனக்குப் பிடித்திருக்கிறது.

பதில்: தொழிற்சாலையிலேயே ஐந்து நிலைச் சுவிட்ச் வரத் தொடங்கியது 1977இல், உங்கள் கருவிக்கு உரியது மூன்று நிலை. ஆனாலும் வாசிப்பவர் நீங்கள், சுவிட்ச் மாற்றுவது அரைமணி நேர வேலை. பழைய மூன்று நிலைச் சுவிட்ச் சித்தப்பாவின் மேசை லாச்சியிலோ பிஸ்கட் டின்னிலோ கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் பெயரெழுதிக் கிட்டார்ப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பொருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.